யாருக்காக்கும் வேலை?

நிதித்துறையில் வேலை தேடும்போது முன்பின் தெரியாதவர்களைப் போனில் அழைத்துப் பேசுவது எப்படி என்று எழுதித் தரும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தகுதி உண்டு. ஒரு மழைக்காலம் முழுவதும் இதே காரியத்தைத் தலைகீழாகச் செய்து, திருவனந்தபுரத்தில் பலருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வேலை தேவைப்பட்டது எனக்கு.

எதையும் நாள் கிழமையோடு சொல்வது என் பழக்கம். இங்கே ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன், சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் பணியில் இருப்பதால். மிதுன மாதம், அதாவது நம் ஆனியில், மழை பிடித்த முதல் வாரத்துச் செவ்வாய்க்கிழமை. தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே நான் வேலை பார்த்த நிதி நிறுவனத்தின் அலுவலகத்தை ஆவணியில் வரும் ஓணத்தோடு மூடப்போவதாக அறிவித்தார்கள். நான் அங்கே ட்ரெஷரி பார்த்தேன். கம்பெனியின் ரொக்கம் எந்த வங்கியில் எவ்வளவு நாள் இருக்க வேண்டும், கடன் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று முடிவு செய்கிற வேலை. அதே நாற்காலியை எனக்காக மும்பையில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஓண விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை அங்கே போய் உட்கார வேண்டும், அல்லது ராஜினாமா. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். கணவர் இங்கே பள்ளியில் கணக்கு ஆசிரியர். எனக்கு நாற்பத்தாறு வயது. ஓணத்துக்குள் இந்த ஊரிலேயே ஒரு வேலை கிடைக்காவிட்டால் குடும்பம் இரண்டாக வேண்டும், அல்லது ஒரு சம்பளம் போக வேண்டும்.

முன்பு எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். மனிதர்களை எடைபோடுவதில் அவரை மிஞ்சிய ஆளை நான் பார்த்ததில்லை. அவரிடம் யோசனை கேட்டேன். “முதல் போன் கால்லயே வேலை கேக்காதே. கேட்டா, இல்லைன்னு சொல்லி வெச்சுடுவான். பதினஞ்சு நிமிஷம் அட்வைஸ் கேளு. அட்வைஸ் சொல்ல யாருக்கும் கசக்காது. கடைசில, இன்னும் யாரோட பேசலாம், ரெண்டு பேர் சொல்லுங்கோன்னு கேளு,” என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் சிங்கப்பூரில் இருந்தார், நான் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் இருந்தேன்.

முதல் அழைப்பு, அதற்கடுத்த வியாழக்கிழமை, கோட்டைக்குள் இருக்கும் ஒரு மூத்த ஆடிட்டருக்கு. என் பெயர், என் வேலை, இத்தனை வருட அனுபவம் என்று எழுதி வைத்ததை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரி. யாருக்காக்கும் வேலை?”

நமது ஊரின் இந்தக் கேள்வியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே தனக்கென்று யாரும் வேலை கேட்பதில்லை. மருமகனுக்காக மாமா கேட்பார், தம்பிக்காக அக்கா கேட்பாள். தன் வாயால் தனக்குக் கேட்கிறவனுக்குச் சொல்ல ஒரு மனுஷர்கூட இல்லையா என்று நினைப்பார்கள். பழைய கல்வெட்டுகளில்கூடக் கொடுத்தவன் பெயர் குலத்தோடு இருக்கும், சாட்சிகள் பெயர் வரிசையாக இருக்கும். கேட்டவன் பெயர் இருப்பது அபூர்வம்.

அந்த நேரத்தில் எனக்குச் சிங்கப்பூர் விதி நினைவுக்கு வந்தது. வேலை கேட்கக் கூடாது.

“யாருக்கும்னு இல்லை சார். பொதுவா இந்த ஊர்ல ஃபைனான்ஸ் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்னு.”

“ஓ,” என்றார். அந்த ஓவில் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. மிகவும் உற்சாகமாகப் பேசினார். எந்தக் கம்பெனியில் யார் போகப்போகிறார்கள், எந்த ஃபைனான்ஸ் மானேஜருக்குக் கனடா விசா வந்துவிட்டது, எல்லாம் சொன்னார். இரண்டு பேர் சொன்னார். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் “யாருக்காக்கும்?” என்றார்கள். ஒவ்வொருவரிடமும் நான் “பொதுவாத்தான்” என்றேன். கர்க்கடகம் பிறந்தபோது சிலர் மட்டும் “ஆடி மாசத்துல இதெல்லாம் பேசப்படாது, சிங்ஙம் ஒண்ணுக்கு அப்புறம், ஆவணி பொறக்கட்டும், கூப்பிடுங்கோ” என்றார்கள். அவர்களில் ஒருவர் தினமும் பங்குச்சந்தையில் வாங்கி விற்கிறவர். சந்தைக்குக் கர்க்கடகம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையில் என்ன நடந்தது என்றால், நகரத்தில் நிதி சம்பந்தப்பட்ட எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நான் பேசிய ஆட்களில் இருவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், மூவர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஒரு பெண்ணுக்கு நகரை ஒட்டிய கழக்கூட்டத்தில் வேலை கிடைத்தது. ஒருவருக்குக் கொச்சியில்.

பிறகு எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்தன.

“ஸ்ரீவராகத்து மாமிதானே? உங்க நம்பர் ஆடிட்டர் சார் தந்தார். மோளுக்கு சி.ஏ. இன்டர் கழிஞ்சு நில்க்குது.”

காலையில் பால் வாங்கும்போது ஒருவர் மகனின் பயோடேட்டாவை நீட்டினார். கோவில் பிரதட்சிணத்தில் ஒரு அம்மாள் என்னோடு மூன்று சுற்று சுற்றி, நாலாவது சுற்றில் விஷயத்துக்கு வந்தாள். வாட்ஸாப்பில் வந்து குவிந்த பயோடேட்டாக்களால் போன் மந்தமாகி, என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வகை பிரித்துக் கொடுத்தாள். சங்க காலத்தில் ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகை இருந்தது. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் ஏழைப் பாணனிடம், இந்தப் பாதையில் போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்புவது. பரிசு பெற்றவன் சொல்வதுதான் அதன் இலக்கணம். எதுவும் பெறாமலே ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த பாணன் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

இப்படிப் போனில் கிடைத்தவர்களில் ஒருவன்தான் அருள். வித்துராவைத் தாண்டி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்த தமிழ்ப் பையன். எம்.காம். முடித்து, நெய்யாற்றின்கரையில் ஒரு சிட் கம்பெனியில் ஆறு வருடமாக ரொக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சுற்றி வளைக்கவில்லை.

“சேச்சி, என் பேரு அருள். எனக்கு ஒரு வேலை வேணும்.”

“உங்களுக்கேவா?”

“எனக்குத்தான் சேச்சி. வேற யாருக்கு?”

வியப்பாக இருந்தது. என்னென்ன தெரியும் என்று கேட்டேன். பதில் நேராக வந்தது. கேள்வி முடிவதற்குள்ளேயே வந்தது, அது ஒன்றுதான் குறை. இரண்டு பேரிடம் அவனைப் பற்றிச் சொன்னேன். இரண்டும் தட்டிப்போயின. வாராவாரம் சனிக்கிழமை மதியம் கூப்பிடுவான். “என்ன சேச்சி, எதாவது அனக்கம் உண்டா?” என்பான், ஏதாவது அசைகிறதா என்று.

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கழக்கூட்டத்தில் வேலை கிடைத்த பெண்ணின் தகப்பனார் இறங்கினார், கையில் ஒரு முழு நேந்திரங்குலை. ஓணத்துக்குக் கோவிலுக்கும் பெரிய வீடுகளுக்கும் காழ்ச்சக்குலை கொடுப்பார்களே, அப்படித் தேர்ந்தெடுத்த குலை. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. உள்ளே கொண்டு வந்து வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

என் கணவர் குலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

“வேலை போகப்போறவா ஆத்துக்கே இத்தனை பெரிய குலை வருதே. நிஜமாவே ஒரு வேலை கிடைச்சுட்டா எங்கே கொண்டு வெக்கறது?”

“கேலி பண்ணுங்கோ.”

“கேலி இல்லை. டிக்கெட் போடணுமா வேண்டாமா, அதைச் சொல்லு. மும்பை வண்டி ஓணத்தப்போ நிறைஞ்சு போகும்.”

அப்போதுதான் போன் அடித்தது.

கரமனைக்காரர் ஒருவர், கழக்கூட்டத்தில் ஒரு பெரிய ஏற்றுமதி நிறுவனத்தின் நிதித் தலைவர். ஆனி மாதமே அவரிடம் பேசியிருக்கிறேன். ஆடியில் நான் சொன்ன ஓர் ஆளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

“மாமி, அவசரம். ட்ரெஷரிக்கு ஒருத்தர் வேணும். பேங்க்காரனோட மல்லுக்கு நிக்கணும். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் பதறப்படாது. வயசு நாப்பது தாண்டினாலும் விரோதமில்லை, சொல்லப்போனா அதுதான் நல்லது. வியாழக்கிழமை இன்டர்வியூ. ரெண்டு பேர் சொல்லுங்கோ.”

நான் சொன்னேன். அருள் பெயரைச் சொன்னேன், இன்னொரு பெயரையும் சொன்னேன். இருவரின் நம்பரையும் அனுப்புவதாகச் சொன்னேன். “ரொம்ப உபகாரம் மாமி” என்றார். போனை வைத்தேன்.

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்போ அவர் சொன்னது யாரைப் பத்தின்னு உனக்குப் புரிஞ்சுதா?”

புரிந்தது. அப்போதுதான் புரிந்தது. பழக்கம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை. கேட்டவுடன் இரண்டு பேர் சொல்வதற்கு நாக்கு பழகிவிட்டது, அந்த இரண்டில் நான் ஒருத்தியாக இருக்கலாம் என்று அதற்குத் தோன்றவில்லை.

திரும்ப அழைத்தேன். உங்களில் பலருக்கு இந்த இரண்டாவது அழைப்புதான் வராது. ஒரு முறை பேசி முடித்த விஷயத்தை உடனே மாற்றினால் மதிப்பு போய்விடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மும்பை டிக்கெட்டை நினைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன்.

“மூணாவதா ஒரு பேர் சொல்லணும்.”

“சொல்லுங்கோ, எழுதிக்கறேன்.”

“வைதேகி.”

“இனிஷியல்?”

“நானாக்கும் அது.”

“மாமி, தமாஷ் வேண்டாம். நான் மீட்டிங்குக்கு நடுவுல வந்து பேசறேன்.”

“தமாஷ் இல்லை. எங்க ஆபீஸை மூடறா. எனக்கு வேலை வேணும்.”

“உங்களுக்கு ஏஜென்சி இருக்கே?”

“என்ன ஏஜென்சி?”

“ஆள் பிடிச்சுத் தர ஏஜென்சி. ஊரெல்லாம் அப்படித்தானே சொல்றா. கமிஷன் எப்படின்னு கேக்கணும்னு ஒரு மாசமா நினைச்சுண்டிருக்கேன். நீங்க கேக்கலை, நானும் வாயைத் திறக்கலை.” பிறகு அவர் குரல் மாறியது. “ஆனி மாசத்துல நீங்க கூப்பிட்டப்போ யாருக்காக்கும்னு கேட்டேனே. பொதுவான்னுட்டேள். ஆடில போட்டேனே, அந்த போஸ்ட்டும் இதே மாதிரிதான். நீங்க சொன்ன ஆளையே போட்டுட்டேன். சொல்லப்படாதோ?”

வியாழக்கிழமை வரச் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். சிங்கப்பூர்க்காரர் சொன்னது, வேலையைக் கேட்காதே என்று. தேடுவதை மறைத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. “நான் வேலை மாற வேண்டியிருக்கிறது, ஓணத்துக்குள். உங்களிடம் வேலை கேட்கவில்லை, வழி கேட்கிறேன்” என்று முதல் நிமிடத்தில் சொல்லியிருந்தால், அட்வைஸும் கிடைத்திருக்கும், ஆளும் தெரிந்திருக்கும். எதிரே இருப்பவர் உங்களுக்கு உதவ வேண்டுமானால், உதவி எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நம் ஊரில் அது தெரியாவிட்டால் அவர்களே ஒரு மருமகனைக் கற்பித்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அருள் கூப்பிட்டான். பஸ்ஸில் இருந்தான், கண்டக்டரின் விசில் கேட்டது.

“சேச்சி, நாளைக்கு இன்டர்வியூ. மூணு பேர்ல ஒருத்தர் வரலையாம், இப்போ நான் ஒண்ணு, வேற யாரோ சீனியர் ஒண்ணு. அங்க ஆபீஸ்ல ஒரு பையன் சொன்னான். பயங்கர எக்ஸ்பீரியன்ஸாம். அது யாருன்னு சேச்சிக்குத் தெரியாம இருக்காது.”

“தெரியும்.”

“அப்போ அவங்களோட வீக்னஸ் என்னன்னு சொல்லுங்க. நான் அதைப் பிடிச்சுக்கறேன்.”

யோசிக்க நேரமில்லை. தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம், தெரியும் என்றாகிவிட்டது. யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் நாலு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். மறுநாள் காலை அதே வரவேற்பறையில் அவன் என்னைப் பார்க்கும்போது, இத்தனை சனிக்கிழமைகளில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பான். ட்ரெஷரியில் இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கெட்ட செய்தியை நாமே முதலில் சொல்லும்போது அதன் விலை குறைவு. மறுநாள் அது வேறு வழியில் தெரியவந்தால் வட்டியும் சேர்ந்திருக்கும்.

“அது நான்தான் அருள்.”

“சேச்சிக்கு வேலை இல்லையா?”

“ஓணம் வரைக்கும் இருக்கு. அப்புறம் மும்பைக்குப் போகணும்.”

“இத்தனை நாளும் எனக்குப் பார்த்தது?”

“உனக்குப் பார்த்ததுதான். எனக்குப் பார்க்கத்தான் மறந்துட்டேன்.”

அவன் சிரித்தான். கோபித்திருந்தால்கூட அத்தனை சங்கடமாக இருந்திருக்காது.

“சரி. அப்போ வீக்னஸ் கேக்கலாமா, கூடாதா?”

“கேளு.”

“என்னா?”

“தனக்குன்னு கேக்க வராது. இன்டர்வியூல கேட்டாலும் அடுத்தவாளைப் பத்தியே பேசுவா.”

“என்னோடது?”

“அடுத்தவா பேசி முடிக்கறதுக்குள்ள நீ—”

“சேச்சி, நாளைக்கு எத்தனை பேரு கேள்வி கேப்பாங்க?”

அதையும் சொன்னேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்த நிலையில் மறுநாள் போனோம். வரவேற்பறை சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவன் டை சரியில்லை என்று பட்டது, சொன்னேன். என் கண்ணாடி தலையில் இருக்கிறது என்று அவன் சொன்னான். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள்.

என் முறை வந்தபோது உள்ளே மூன்று பேர். கரமனைக்காரர் ஓரத்தில் இருந்தார். நடுவில் இருந்தவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். அந்தக் கேள்விகளை விட்டுவிடுகிறேன், அவை உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்கும். கடைசியாக, “இப்போதைய வேலையில் என்ன குறை?” என்றார்.

“ஒரு குறையும் இல்லை. அது மும்பைக்குப் போகிறது, அவ்வளவுதான். நான் இந்த ஊரில் இருக்க வேண்டும். எனக்கு இந்த வேலை வேண்டும்.”

மூன்று பேரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் இருந்தவர் தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினார். இரண்டரை மாதமாக நான் தாண்டப் பயந்த கிணறு கணுக்கால் அளவுதான் இருந்தது.

உத்திராடத்தன்று, அதாவது திருவோணத்துக்கு முதல் நாள் காலையில், கரமனைக்காரர் கூப்பிட்டார். வேலை எனக்கு. ஓணம் கழிந்து சேரலாம் என்றார், கடிதம் மெயிலில் வந்தது. கணவர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, டிக்கெட் தேடிக்கொண்டிருந்த மகளைப் போனை வைக்கச் சொன்னார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பதினேழு வருட வேலை, நாலு வரிக்கு மேல் வரவில்லை. அனுப்பப்போகும் சமயம் அருள் கூப்பிட்டான்.

எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“சேச்சிக்குத்தானே கிட்டிச்சு? அவங்க எனக்கு விளிச்சுச் சொல்லிட்டாங்க. அடுத்த தடவை பார்க்கலாம்னாங்க.”

“கிடைச்சுது. அருள், நான்—”

“அது இருக்கட்டும் சேச்சி. மும்பைல உங்களுக்குன்னு ஒரு சேர் போட்டிருக்காங்க, அல்லே?”

“ஆமா.”

“நீங்க போகலேன்னா அது காலி. எனக்கு அது வேணும்.”

அந்த நாற்காலியிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் இரண்டரை மாதம் ஊர் முழுவதையும் அழைத்திருந்தேன். வேறு யாருக்காவது அது வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

“மும்பைல இருந்துக்குவியா?”

“வித்துராலேர்ந்து தெனம் ரெண்டு பஸ் மாறி நெய்யாற்றின்கரைக்குப் போறேன். மும்பை என்ன, பக்கம்தான். சேச்சி, ராஜினாமா அனுப்பியாச்சா?”

“இதோ அனுப்பப்போறேன்.”

“அனுப்பாதீங்க. அனுப்பிட்டா அப்புறம் நீங்க விட்டுட்டுப் போன ஆளு. நீங்க சொல்றதை எவனும் காதுல போட்டுக்க மாட்டான். முதல்ல என் பேரைச் சொல்லுங்க. அப்புறம் அனுப்புங்க.”

இருபது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவள் நான். நம் சொல்லுக்கு எந்த நிமிடம்வரை மதிப்பு உண்டு, எந்த நிமிடத்திலிருந்து இல்லை என்பதை இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு மும்பை மேலதிகாரியை அழைத்தேன்.

ட்ரெஷரிக்கு ஓர் ஆள் இருக்கிறான், ஆறு வருடம் ரொக்கம் கையாண்டவன், நேற்றைக்கு முதல் நாள் ஒரு பெரிய கம்பெனியில் கடைசிச் சுற்றுவரை வந்தவன் என்றேன். நல்லது, நீ வந்து சேர்ந்த பிறகு அவனுக்கு ஏதாவது பார்க்கலாம் என்றார்.

“நான் வந்து சேர்ந்தால் அவனுக்கு இடமிருக்காது,” என்றேன்.

அவர் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமாகியது. பிறகு வருத்தப்பட்டார், சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தார், கடைசியில் ஓணம் முடிந்த திங்கட்கிழமைக்கு அங்கே ஓர் ஆள் வேண்டுமே என்று அலுத்துக்கொண்டார். அன்றே அருளோடு வீடியோவில் பேசினார். பேச்சு முடிந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பினார்: பையன் நடுவில் நடுவில் பேசுகிறான், ஆனால் வரட்டும்.

ராஜினாமாக் கடிதத்தை அதன் பிறகு அனுப்பினேன்.